கைடு வருவதற்கு முன்னால்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கையில் கைடு இருக்கும். மீதிப் பேருக்கு அண்ணனோ அக்காவோ வைத்துப்போன பழைய கைடு. பாடப்புத்தகத்துக்கு இன்னும் அட்டைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் முதல் கவிதையின் மையக் கருத்து மனப்பாடம் ஆகியிருக்கும். கவிதையை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அது எதைப் பற்றியது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லும்.

கைடு போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. மார்ச் மாதத்தில் அது வேண்டும்தான். ஆனால் கதை என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்க வேண்டும். கவிதை என்றால் 'இதென்ன இப்படிச் சொல்லுது' என்று ஒரு நிமிஷமாவது விழிக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுப்பதுதான் இங்கிலீஷ் டீச்சரின் வேலை என்று நான் நினைக்கிறேன். சார்ட்டு, ஆடியோ, நாடகம், கணினி என்று வகுப்புக்குள் எதைக் கொண்டுபோனாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அர்த்தம் வந்து சேருவதை இது கொஞ்சம் தள்ளிப்போடுகிறதா, இல்லை, கைடு செய்யும் வேலையையே இன்னும் வேகமாகச் செய்கிறதா?

நான் பாடம் நடத்துவது திசையன்விளைப் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்கிற ஜில்லா இது. ரேனியஸ் பாதிரியார் 1820-ல் அங்கே வந்து இறங்கிய காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் புதிதில்லை. ஆனால் பஸ் ஏறித் தெற்கே வந்தால் பனங்காடு, செம்மண் தேரி, காற்றாலை, அதைத் தாண்டினால் கடல். எங்கள் பிள்ளைகளில் சிலர் உவரி, கூட்டப்பனைப் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். பலர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். இங்கிலீஷ் இவர்கள் காதில் விழுவது என் பீரியடில் மட்டும்தான். நான் சொல்லப்போவதை இந்த நிலைமையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நகரத்து மெட்ரிக் பள்ளிக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் ஒரு தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் நான் ஒரே ஒரு பக்கம் தயார் செய்கிறேன். பாடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வரி, பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு. அருஞ்சொற்பொருள் கிடையாது, படம் கிடையாது, ஆசிரியர் குறிப்பும் கிடையாது. இருவருக்கு ஒரு தாள். புரிந்த இடத்தில் கோடு போட வேண்டும். எந்த வார்த்தை தெரியாததால் மேலே போக முடியவில்லையோ அதற்கு வட்டம் போட வேண்டும். ஆனால் ஒரு ஜோடிக்கு மூன்று வட்டம்தான். இந்த விதியில்தான் விஷயம் இருக்கிறது. கணக்கே வைக்காமல் விட்டால் தாள் முழுக்க வட்டமாகிவிடும். மூன்றுதான் என்றவுடன் 'இது இல்லாமலே சமாளிச்சிரலாம், அது தெரிஞ்சே ஆகணும்' என்று பேரம் பேச ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பேரம்தான் வாசிப்பு. வகுப்பில் கிடக்கும் லிப்கோ டிக்ஷனரியில் அவர்களே தேடுவார்கள். கிடைக்காததை நான் சொல்வேன். முதல் பீரியட் முழுக்க இவ்வளவுதான்.

இந்த முதல் பீரியடில் நான் தமிழில் அர்த்தம் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைகள் தாராளமாகத் தமிழில் பேசலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்கிற ஏற்பாட்டில் சேருவது சில்லறைதான். பதினைந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு கதையைப் பற்றி உண்மையாகவே ஒன்று தோன்றினால், அது தமிழில்தான், அதுவும் திருநெல்வேலித் தமிழில்தான் வரும். அதை வரவிட்டு, அப்புறம் 'இதை இங்கிலீஷ்ல ஒரு வரி எழுது' என்றால் எழுதுகிறார்கள். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதே.

இந்தத் தாளை வைத்து நன்றாகப் போன பாடம் லியாம் ஓ'ஃப்ளாஹெர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. 2019-ல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடம் அது. கடலோரப் பாறை விளிம்பில் ஒரு கடற்காகக் குஞ்சு. அண்ணன்மார் இருவரும் தங்கச்சியும் பறந்து போய்விட்டார்கள். இதற்கு மட்டும் பயம். பசியில் வாடுகிறது. அம்மா ஒரு மீன் துண்டைக் கவ்விக்கொண்டு பக்கத்தில் வந்து, எட்டாத தூரத்திலேயே நின்றுவிடுகிறது. என் தாள் அந்த இடத்தோடு முடிந்துவிடும். பறந்ததா, விழுந்ததா என்பது தாளில் இல்லை. அதற்கு மேலே படிக்கக்கூடாது என்று சொல்லிப் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். கேள்வி ஒன்றுதான்: அந்த அம்மா செய்தது சரியா?

'தன்னம்பிக்கை', 'விடாமுயற்சி' என்று கைடு சொல்லும் பதில்கள் முதலில் வரும். அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் அம்மா ஊர் கூந்தன்குளம் என்று ஒரு பையன் இருந்தான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள்ளே வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். கூட்டிலிருந்து தவறி விழுகிற குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்த்து விடுவது அங்கே வழக்கம். அவன் எழுந்து, "டீச்சர், எங்க ஆச்சி ஊர்ல குஞ்சு கீழ விழுந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும். இது கீழ கடல்ல விழுகு. கடல்ல விழுததெல்லாம் ஒரு விழுகையா? அம்மைக்கு அது தெரியும். அதான் தைரியமா மீனக் காட்டுது" என்றான். அந்தக் கதையைப் பற்றி நான் படித்த எந்தக் குறிப்பிலும் இது இல்லை. கதையின் முடிவில் குஞ்சு கடல் மேல்தான் போய் உட்காருகிறது, உட்கார்ந்ததும் மிதக்கிறது. அவன் முடிவைப் படிக்காமலே அதைத் தொட்டுவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பில் பலபேர் வீட்டில் மீதிக் கதையைத் தாங்களாகவே படித்தார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. வேறென்ன வேண்டும்.

ஊரில் என்ன இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன். பறவைக் கதை வந்தால் பறவை ஊர்ப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். அவனைக் கூப்பிட்டுப் 'பேசுடா' என்று நிறுத்தினால் பேசமாட்டான். பேசுவதற்கு ஒரு சாக்கு கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும்.

அடுத்தது ஷேக்ஸ்பியர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்-டீடெயிலில் 'தி டெம்பெஸ்ட்' கதையாக வருகிறது. சார்லஸ் லேம்பும் அவர் அக்கா மேரி லேம்பும் 1807-ல் சிறுவர்களுக்காக ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதையாக எழுதினார்களே, அந்த வழியில் வந்தது. லேம்ப் எழுத்தில் கதை தீவில்தான் தொடங்குகிறது: பிராஸ்பரோ என்று ஒரு கிழவர், அவர் மகள் மிராண்டா, அப்படி. நாடகமோ நடுக்கடலில், புயலில் தொடங்குகிறது. கப்பல் உடையப் போகிறது. உள்ளே ராஜாவும் பிரபுக்களும். அவர்கள் மேல்தட்டுக்கு வந்து வேலைக்கு இடைஞ்சலாக நின்று கேள்வி கேட்கிறார்கள். கப்பலில் வேலை வாங்குகிற மாலுமி 'கீழே போங்கள்' என்று கத்துகிறான். இந்த இரைகிற அலைக்கு ராஜா பேரைப் பற்றி என்ன கவலை என்று கேட்கிறான். பிரபுக்கள் அவனைத் திட்டுகிறார்கள். அவன் 'அப்படியானால் நீங்களே வந்து வேலையைப் பாருங்கள்' என்கிறான்.

இரண்டு பக்கம்கூட வராது அந்தக் காட்சி. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் தன் இணையதளத்தில் நாடகங்களை முழுசாக, இலவசமாக வைத்திருக்கிறது. அங்கிருந்து எடுத்து, கடினமான வசனங்களைக் கத்தரித்து, கூச்சலும் கட்டளையும் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு தாள் செய்தேன். கடற்கரைப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் வகுப்பின் கணக்கே மாறிவிட்டது. வழக்கமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்க்கிறவர்கள் அவர்கள். "கடலுக்குள்ள போயிட்டா முதலாளியெல்லாம் கெடையாது டீச்சர், வள்ளம் ஓட்டுதவன் சொல்லுததுதான்" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் பாயை இறக்குவது எப்படி, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் ஆள் போக வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தான். ராஜா வேஷத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. மாலுமி வேஷத்துக்கு அடிதடி.

கதையின் மீதியை வில்லுப்பாட்டாகச் செய்கிறோம். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லு உண்டு. வில்லுப்பாட்டு என்னவென்று தெரியாத பிள்ளை கிடையாது. முன்னால் ஒருவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டு, சந்தேகம் கேட்டு, கதையை நகர்த்துவார். இந்த 'ஆமா' போடுகிற இடம்தான் இங்கிலீஷ் வகுப்புக்குக் கிடைத்த பெரிய வரம் என்பேன். கதை சொல்கிறவர் ஒரு வரி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஆமா போடுகிறவர் 'ரியலி?', 'வொய்?', 'ஹூ இஸ் ஹி?', 'வாட் ஹேப்பண்ட் தென்?' என்று கேட்க வேண்டும். பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்வி-பதில் பகுதி முழுக்க இந்த நாலு கேள்விக்குள் அடங்கிவிடும். கல்வித் துறை 'மெல்லக் கற்போர்' என்று பேர் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த வேலையைத்தான். 'ரியலி' என்று சரியான இடத்தில் போட வேண்டுமானால் கதையைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். ஒரு பெண் முதலில் 'ஆமா' மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். அரையாண்டுக்குள் கதை சொல்கிறவளை மறித்து, இங்கிலீஷில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

சாமான் செலவு கிடையாது. வில்லுக்குப் பதில் டெஸ்க், வீசுகோலுக்கு ஸ்கேல், குடத்துக்குப் பிளாஸ்டிக் குடம். உடுக்கை உள்ள வீட்டுப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். சாமி கதைகளின் மெட்டையும் காப்புப் பாட்டையும் நான் எடுப்பதில்லை. அது கொடைக்கு உரியது. எந்தக் கோயில், யார் கொடை என்கிற பேச்சும் கூடவே வந்துவிடும்.

குழு பிரிப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜில்லாவில் வகுப்பு பெஞ்சுகள் எப்படி நிரம்புகின்றன என்று இங்கே வேலை பார்க்கிற எல்லா டீச்சருக்கும் தெரியும். 'நீங்களே குரூப் பிரிச்சுக்கோங்க' என்று விட்டால் தெரு தெருவாகப் பிரிந்துவிடும். எனவே சீட்டுக் குலுக்கல்தான். சீட்டில் கதாபாத்திரத்தின் பெயர் இருக்கும்; ஒரே கதாபாத்திரம் வந்தவர்கள் ஒரு குழு. முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் கலிபனுக்கு வசனம் எழுத வேண்டும் என்று வரும்போது தெருவெல்லாம் மறந்துபோகும். அந்த ஒரு பீரியடுக்காவது.

கலிபன் என்றதும் ஒன்று. லேம்ப் எழுத்தில் அவன் விகாரமான ஒரு ஜந்து. விறகு சுமக்கிற அடிமை. சில வரிகளில் முடிந்துவிடுகிறான். நாடகத்தில் அவன், இந்தத் தீவு என் தாய் வழியாக எனக்கு வந்தது, நீ பிடுங்கிக்கொண்டாய் என்று பிராஸ்பரோவின் முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த வரிகளையும் ஒரு தாளில் போட்டுக் கொடுத்தேன். பெண்பிள்ளைகள் குழு ஒன்றில் ஒருத்தி கேட்டாள்: "அந்த ராசா மவன் ஃபெர்டினாண்ட் வெறகு தூக்குனா மிராண்டா அழுதா. கலிபன் தெனமும் தூக்குதான், அவனுக்கு யாரும் அழலயே டீச்சர்?" கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய விஷயம் இது. நான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எல்லோரும் ஐந்து வரி எழுதுங்கள் என்றேன். இலக்கணப் பிழை நிறைய இருந்தது. படிக்கச் சலிக்காத விடைத்தாள்கள் அவை.

தர்பரின் 'தி நைட் தி கோஸ்ட் காட் இன்' கதைக்குச் சாக்பீஸ் போதும். நகைச்சுவைக் கதையை விளக்கினால் செத்துப்போகும். அதனால் விளக்கவே வேண்டாம் என்று, வராந்தா தரையில் அந்த வீட்டின் வரைபடத்தை வரைந்துவிடுவோம்: சாப்பாட்டு அறை, மாடிப்படி, படுக்கை அறைகள், தாத்தா தூங்குகிற பரண் அறை, பக்கத்து வீட்டு ஜன்னல். ஒருவர் கதையை வாசிக்க வாசிக்க மற்றவர்கள் அந்தந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அம்மா செருப்பைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் எறிகிற இடம், போலீஸ்காரர்கள் வந்து வீட்டைக் கலைக்கிற இடம், தாத்தா அவர்களைப் போர்க்களத்திலிருந்து ஓடிவந்த சிப்பாய்கள் என்று நினைத்துச் சுடுகிற இடம் எல்லாம் காலாலேயே புரிந்துவிடும். சத்தம் அதிகம். "என்னம்மா, ஒங்க வகுப்புல ஒரே கூத்தா இருக்கே" என்று தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். அவரையும் போலீஸ்காரர் இடத்தில் நிறுத்தினால் தீர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஃப்ராஸ்ட்டின் பனி பொழியும் காட்டுக் கவிதை இருக்கிறது. தேரிக்காட்டுப் பிள்ளைக்குப் பனியை எப்படிப் புரியவைப்பது என்று பலரும் வீடியோ தேடுகிறார்கள். எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை. சினிமாவில் பார்க்காத பனியா? அவர்களுக்குப் புதிதாக இருப்பது அந்தக் கவிதையின் கட்டுமானம்தான். ஒவ்வொரு பத்தியிலும் ஒன்று, இரண்டு, நான்காம் வரிகள் ஒரே ஓசையில் முடியும். மூன்றாம் வரி மட்டும் தனியாக நிற்கும். அந்தத் தனி ஓசையை அடுத்த பத்தி பிடித்துக்கொண்டு மேலே போகும். இதைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் காட்டினால், தமிழில் அந்தாதி படித்த பிள்ளை உடனே சொல்லிவிடுகிறது. அந்தாதியில் முடிந்த சொல்லோ அசையோ அடுத்த பாட்டின் தொடக்கமாகும். இங்கே தனித்து நின்ற ஓசை அடுத்த பத்தியின் ஓசையாகிறது. ஒன்றே இல்லை, ஆனால் உறவு. ஆழ்வார்திருநகரி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே பிறந்த நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆயிரத்துச் சொச்சம் பாசுரமும் இப்படி ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டுதான் போகிறது. தமிழ் ஐயாவைப் பத்து நிமிஷம் வகுப்புக்குக் கூட்டிவந்து அதிலிருந்து இரண்டு பாசுரம் சொல்லச் சொன்னேன். அதற்கப்புறம் ஃப்ராஸ்ட்டின் கடைசிப் பத்தியில் ஏன் நாலு வரியும் ஒரே ஓசையில் முடிகிறது, ஏன் கடைசி வரி இரண்டு தடவை வருகிறது என்று கேட்டால், "அடுத்து போறதுக்குப் பத்தி இல்லல்லா டீச்சர்" என்று பதில் வந்தது. ரைம் ஸ்கீம் கேள்விக்கு இனி பயம் கிடையாது.

தாளத்துக்கு டெஸ்க்தான். வரிக்கு எட்டு அசை, நாலு தட்டு. மெதுவாகப் போகிற குதிரையின் நடை. தட்டிக்கொண்டே மூன்று முறை சொன்னால் பாதிக் கவிதை மனப்பாடம்.

அல்ஃபோன்ஸ் தோதேயின் 'தி லாஸ்ட் லெசன்' பாடத்துக்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சேஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனி கைக்குப் போன பின்னணி தெரியாமல், பள்ளியில் கடைசி பிரெஞ்சுப் பாடம் நடக்கிற அந்தக் கதையில் ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்பது புரியாது. அல்சேஸில் ஊர்மக்கள் வீட்டில் பேசியது பெரும்பாலும் ஜெர்மன் வழி வந்த ஒரு பேச்சுமொழி என்பதையும் நான் சொல்லிவிடுவேன். 'அப்ப அவங்க தாய்மொழி எது?' என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தமிழ்நாட்டில் மொழியைப் பற்றிப் பேச யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்த வாதத்தைவிட எனக்குப் பலன் தந்தது ஒரு வீட்டுவேலை. உங்கள் அம்மாவோ ஆச்சியோ பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாகப் போன நாள் எது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டு வாருங்கள் என்றேன். பீடித் தட்டு மடியில் இருக்கும்போது கேளுங்கள், அப்போதுதான் பேசுவார்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள், பெரியவளானதும் நிறுத்தப்பட்டவர்கள், டீச்சர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் அனுப்பாத அப்பாக்கள் என்று நோட்டுகள் நிரம்பி வந்தன. கதையில் ஹாமல் வாத்தியார் பெற்றோரையும் குற்றம் சொல்வார், தன்னையும் குற்றம் சொல்வார். பாடத்தை விட்டுத் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளை அனுப்பியதை ஒப்புக்கொள்வார். அந்தப் பத்தியை அன்றைக்கு ஒரு பையன் வாசித்தபோது யாரும் அர்த்தம் கேட்கவில்லை. வாசிக்கிற நோட்டில் பெயர் வேண்டாம், விருப்பமில்லாதவர்கள் வாசிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டு விஷயம் அல்லவா.

கிப்ளிங்கின் இயந்திரக் கவிதைக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிறது. கவிதையில் இயந்திரங்களே 'நாங்கள்' என்று பேசும். காற்றாலை பேசினால் என்ன சொல்லும், ஆறு வரி எழுது என்றால் எழுதிவிடுகிறார்கள்.

இனி இணையம். இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். யூடியூபில் பாடத்தின் பெயரைத் தட்டினால் வருவதில் பெரும்பாலானவை கைடின் வாய்வழிப் பதிப்புகள். முதல் பீரியடில் அவற்றை அண்டவிடாதீர்கள். காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இருக்கிறது, 1971-லிருந்து. அதே மாதிரி நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து வைத்திருப்பது லிப்ரிவாக்ஸ், 2005-லிருந்து. லிப்ரிவாக்ஸில் குரல் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க உச்சரிப்பு வேகமாகப் போனால் பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள், அதனால் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துப் போடுங்கள். பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும், அரசின் தீக்ஷா தளத்துக் காணொளிகளில் சில நன்றாக இருக்கின்றன. பாடம் முடிந்தபின் காட்டலாம். எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே இறக்கிக் கொண்டுவாருங்கள். வகுப்பில் நெட்வொர்க்கை நம்பி நாற்பது பிள்ளைகளை உட்காரவைக்கக்கூடாது.

நகல் எடுத்துக் கொடுப்பது தப்பா என்று சில டீச்சர்கள் பயப்படுகிறார்கள். நம் நாட்டில் நூலை எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குக் காப்புரிமை உண்டு. அதற்குள் உள்ள நூலாக இருந்தாலும், வகுப்பில் கற்பிக்கும் வேலைக்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கட்டாகக் கட்டி விற்கத்தான் கூடாது.

என்னிடம் உள்ள ஆடியோவில் அதிகம் பயன்படுவது பிள்ளைகளின் சொந்தக் குரல்தான். ஒரு கவிதையை நன்றாக வாசிக்கிற பிள்ளையை ஸ்டாஃப் ரூமில் உட்காரவைத்துப் போனில் பதிவுசெய்து, வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். போன் பெரும்பாலும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரிதான் வீட்டுக்கு வரும். எனவே எட்டு மணிக்கு மேல் அனுப்ப வேண்டும். கோப்பு சிறியதாக இருக்க வேண்டும். தங்கள் வகுப்புப் பிள்ளை வாசித்தது என்றால் பிள்ளைகள் கேட்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் கேட்கிறார்கள், என்ன சொல்கிறதென்று தெரியாமலே. பெயரும் படமும் போடுவதில்லை. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

'இதெல்லாம் சரி, மார்க்குக்கு என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். இங்கிலீஷ் இப்போது ஒரே தாள், 100 மதிப்பெண். மெமரி போயம் உண்டு, பத்தி வினா உண்டு, கவிதை வரிகளைக் கொடுத்து அணி கேட்பது உண்டு. டிசம்பர் வரை கதையும் கவிதையும் என் வழியில் போகும். ஜனவரியில் ரிவிஷன் ஆரம்பித்தால் பழைய வினாத்தாள், ஸ்லிப் டெஸ்ட், அச்சடித்த விடை எல்லாமே வந்துவிடும். கதையை ஒருமுறை நடித்த பிள்ளைக்கு அச்சடித்த விடை சீக்கிரம் ஏறுகிறது. சில இடத்தில் அதைத் திருத்தவும் செய்கிறது. ரிசல்ட் சதவீதத்தைப் பற்றி அலுவலகத்திலிருந்து கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதமே ரிவிஷன் ஆரம்பிக்கிற பள்ளியில் இதையெல்லாம் செய்ய விடுவார்களா என்பது சந்தேகம்தான். அங்கே வாரத்துக்கு ஒரு பீரியடை மட்டும் கேட்டு வாங்கி, அந்த ஒரு தாளோடு தொடங்கலாம்.

எனக்குக் கைகூடாத ஒரு பாடமும் உண்டு. சத்யஜித் ராயின் 'தி அட்டிக்'. பள்ளிப் பருவத்தில் கூடப்படித்தவனின் பதக்கத்தை ஒளித்துவைத்த ஒருவர், பல வருஷம் கழித்து ஊருக்கு வந்து அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கிறார்; ஏழையாகிவிட்ட அந்த நண்பரோ பணம் வேண்டாம், பதக்கமே போதும் என்கிறார். அந்தக் கதையின் பலமெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லாததில் இருக்கிறது. நடிக்கவைத்தால் சொல்லாததையெல்லாம் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள், வில்லுப்பாட்டில் 'ரியலி?' என்று ஒருவன் கேட்டதுமே கதை உடைந்துவிடுகிறது. ஒரு பக்கத் தாளில் எந்த இடத்தில் வெட்டுவது என்றும் பிடிபடவில்லை. நானாகச் சத்தமாக வாசித்துவிட்டு, அப்படியே விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் 'திருடுனாரு, திருப்பிக் குடுத்தாரு' என்று முடித்துவிடுகிறார்கள். இதை வேறு மாதிரி நடத்தி ஓரளவு நன்றாகப் போனவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்களுக்குக் காலாண்டுத் தேர்வை ஒட்டித்தான் அந்தப் பாடம் வரும். ஆகஸ்டுக்குள் கிடைத்தால் இந்த வருஷமே செய்து பார்ப்பேன்.